ராப் பாட்டுக்கு நான் சொன்ன தீர்ப்பு

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் தம்பி. ஜன்னலோரம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு எதிர்க்காற்று ஆகாது. பேசிப் பிழைக்கிற தொண்டை. மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். அப்படியானால் அந்தப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துவிடலாம். ஓடுகிற பஸ்ஸில் படிப்பது கண்ணுக்குக் கெடுதல். கேட்பதால் காதுக்கு ஒரு கெடுதலும் கிடையாது.

என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குமே? இல்லையா? சரி, நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கிறவராக இருப்பீர்கள். நகைச்சுவை நாவலர் குற்றாலிங்கம் என்றால் தென்காசியிலிருந்து சங்கரன்கோவில் வரைக்கும் தெரியாத கோயில் கொடைத் திருவிழா கிடையாது. பட்டிமன்ற நடுவர். களக்காட்டில் ஒரு தடவை, வாழ்க்கை இனிப்பது கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்று நடத்தினேன். மலையிலிருந்து ஒரு மிளா, அதுதான் தம்பி பெரிய மான், இறங்கி வந்து பெண்கள் வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டது. வனத்துறைக்காரர்கள் கயிறோடு வந்து கூப்பிட்டும் நகரவில்லை. கடைசியில் நான் ‘முன்பே’ என்று தீர்ப்புச் சொன்னேன். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மலையேறிப் போய்விட்டது. ஆண் மிளா. நம்பிக்கை இல்லாவிட்டால் களக்காட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அன்றைக்கு அங்கே இருந்தவர்களை மட்டும் கேட்காதீர்கள்; அவர்கள் என் பேச்சில் மயங்கியிருந்தார்கள், மிளாவைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது ராப் பாட்டு விஷயம். ராப் கேட்டிருக்கிறீர்களா? அவர்கள் பாடவும் மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் யாரையோ நிற்க வைத்துத் தாளத்தோடு ஏசுவார்கள். நடு நடுவே கெட்ட வார்த்தை வரும். அந்த மாதிரிப் பாட்டு பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகளுக்கு ஏற்றதா, ஏற்றதல்லவா என்று தமிழ்நாட்டிலேயே மேடையேறித் தீர்ப்புச் சொன்ன ஒரே நடுவர் நான்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்குத் தகவல் வந்திருக்கும்.

போன மாசி மாதம் நடந்தது. எங்கள் ஊரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடம். தாளாளர் சொர்ணலிங்கம், அரிசி ஆலைக்காரர். வேட்டி வெள்ளை, சட்டை வெள்ளை, கார் வெள்ளை. பல்லைத் தவிர எல்லாம் வெள்ளை. என்மேல் அளவில்லாத மரியாதை. ஆண்டு விழாவில் வருஷா வருஷம் பட்டிமன்றம், வருஷா வருஷம் நான்தான் நடுவர். என்ன தீர்ப்பு வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட அமைப்பாளர் கிடைப்பது அபூர்வம் தம்பி. சில ஊர்களில் நம்மையே யோசிக்கச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிற பெண் செண்பகவடிவு. வடிவு என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா இல்லை. அம்மா இசக்கியம்மாள் ஜாக்கெட் தைக்கிறவள். இந்தப் பிள்ளை என்ன செய்தது, இரண்டு தோழிகளைப் பெஞ்சில் தாளம் போடச் சொல்லிவிட்டு ஒரு ராப் பாட்டைப் பாடி செல்போனில் பிடித்தது. பாட்டுக்குப் பேர் ‘எட்டு மணி பஸ்’. சாயங்காலத்துக்குள் ஊரில் இருக்கிற எல்லா செல்போனிலும் அந்தப் பாட்டு. செல்போன் இல்லாதவர்கள் இருக்கிறவர்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவது மாதிரிப் போய் உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டு முடித்து, காலம் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

நாலு வரிக்கு ஒரு கெட்ட வார்த்தை. என்ன வார்த்தை என்று கேட்காதீர்கள். சொல்லமாட்டேன். முன் சீட்டில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி பிரேக் போடுகிறான்? ஓ, டிராக்டரா. டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சொன்னதைக் கேட்டீர்களா? அதுதான். அதே வார்த்தைதான் பாட்டில் முதலில் வருவது. ஆனால் டிரைவர் சொன்னதில் தப்பில்லை. அது பாட்டு இல்லையே, போக்குவரத்து.

தாளாளர் கொதித்துப் போனார். பள்ளிப் பேர் கெட்டுப் போயிற்று, அந்தப் பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டார். டி.சி. என்றால் சும்மாவா? வருஷக் கடைசியில், அதுவும் இந்த மாதிரி விஷயத்துக்காக டி.சி. வாங்கின பொம்பளைப் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? படிப்பு அதோடு நின்றது, அம்மாவோடு உட்கார்ந்து கொக்கி தைக்க வேண்டியதுதான். இசக்கியம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து அழுதாள். பிள்ளை அழவில்லை. மன்னிப்புக் கேள் என்றதற்கு, சின்னப் பிள்ளைகள் காதில் விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன், பாட்டு எழுதினதற்குக் கேட்கமாட்டேன் என்று பாதி மன்னிப்புக் கேட்டது. தாளாளர் அரிசி ஆலைக்காரர். எடை குறைந்தால் வாங்கமாட்டார்.

அதற்குள் பெற்றோரில் பாதிப் பேர் பிள்ளை பக்கம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டுத்தானே, திருடினாளா, காப்பியடித்தாளா என்று. மீதிப் பேர், இன்றைக்கு இதை விட்டால் நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் பேசும் என்றார்கள். கூட்டத்தில் நாற்காலி தூக்கும் அளவுக்குப் போய்விட்டது. அப்போதுதான் தாளாளர் என்னைக் கூப்பிட்டு விட்டார். இந்த வருஷப் பட்டிமன்றத்துக்கு இதையே தலைப்பாக வைத்துவிடுவோம். ‘ஏற்றதல்ல’ என்று தீர்ப்பு வந்தால் டி.சி. ‘ஏற்றது’ என்று வந்தால் பிள்ளை இருக்கட்டும். ஊர் கூடிச் சொன்ன முடிவு என்றால் அவர்மேல் பழி வராது. இரண்டு பக்கத்துப் பெற்றோரும் ஒத்துக்கொண்டார்கள். எல்லாரும் போனதும் என்னைத் தனியாக மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“அண்ணாச்சி, தீர்ப்பு தெரியும்லா?”

“ஏற்றதல்ல,” என்றேன்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். குற்றாலிங்கம் கொடுத்த தீர்ப்பை மாற்றினதாகச் சரித்திரம் கிடையாது. பாதிப் பட்டிமன்றத்தில் தூங்கிப் போனால்கூட எழுந்து பேசின தீர்ப்பைத்தான் சொல்வேன்.

அந்த மாமரத்தடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்தப் பிள்ளையையே ‘ஏற்றதல்ல’ அணியில் பேச வைத்தால் என்ன? யோசித்துப் பாருங்கள் தம்பி. நன்றாகப் பேசினால் அதன் பாட்டை அதன் வாயாலேயே கண்டித்த மாதிரி ஆயிற்று. அணி ஜெயிக்கும், ஜெயித்தால் டி.சி. மோசமாகப் பேசினால் ஊர் முன்னால் அவமானம். தீர்ப்பு எப்படியும் அதேதான், டி.சி.தான். எந்தக் கோர்ட்டிலாவது இப்படி ஒரு முடிச்சு உண்டா? தாளாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மூளையை மியூசியத்தில் வைக்க வேண்டும் அண்ணாச்சி என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

பாவம் இல்லையா என்று பார்க்கிறீர்கள். பட்டிமன்றம் உங்களுக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் பக்கம் என்பது நாற்காலி மாதிரி. எதில் உட்கார வைத்தாலும் உட்கார்ந்து பேச வேண்டும். நடுவர் ஆவதற்கு முன்னால் நானே ஒரே வாரத்தில் பாவூர்சத்திரத்தில் மாமியாருக்கும் கடையத்தில் மருமகளுக்கும் பேசியிருக்கிறேன். இரண்டு ஊரிலும் கண் கலங்கித்தான் பேசினேன். கடையத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கலங்கினேன். அங்கே மைக் நல்ல மைக்.

பிள்ளையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். அது என்னிடம் ஒன்று கேட்டது.

“சாட்சி காட்டிப் பேசலாமாய்யா?”

தாராளமாகப் பேசலாம் என்றேன். சாட்சி இல்லாமல் என்ன பட்டிமன்றம், மேற்கோள் காட்டினால்தான் பேச்சுக்கு அழகு, காட்டுகிற மேற்கோளை எந்த நடுவரும் பாதியில் வெட்டக் கூடாது, இது எங்கள் மரபு என்று ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன். அது எல்லாவற்றையும் மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பிள்ளையா என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

நடுவர் என்றால் விஷயம் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? அதனால் நானும் ராப் பாட்டுகளைக் கேட்க ஆரம்பித்தேன். ஆராய்ச்சிக்காக. என் வீட்டுக்காரி கோமுவின் போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். ஒரு பாட்டைக் கெட்டது என்று சொல்வதற்கு முன்னால் எவ்வளவு கெட்டது என்று அளந்து பார்க்க வேண்டும். ஒரு தடவை கேட்டால் தெரியாது. சில பாட்டின் கெடுதல் ஏழெட்டுத் தடவை கேட்ட பிறகுதான் பிடிபடும். வடிவு பாட்டை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. கோமு வடகம் எடுக்க மாடிக்கு வந்தவள், என்ன தலை இந்த ஆட்டம் ஆடுகிறது என்று கேட்டாள். கழுத்துப் பிடிப்பு என்றேன். காலும் சேர்ந்து ஆடுகிறதே என்றாள். கழுத்திலிருந்து காலுக்கு ஒரு நரம்பு போகிறது, அது அவளுக்குத் தெரியாது.

மனப்பாடமா? சேச்சே. ஏதோ நாலு வரி ஒட்டிக்கொண்டது.

எட்டு மணி பஸ்ஸு, எட்டி நில்லு, தள்ளு,
கல்லெடுத்து எறியல, எறியிறான் சொல்லு,
கல்லுன்னா காயம், காட்டலாம் ஊருக்கு,
சொல்லு பட்ட எடத்தக் காட்டுறது யாருக்கு?

இதற்கு அடுத்த வரியில்தான் வார்த்தை வருகிறது. நான் நிறுத்திக்கொள்கிறேன். விஷயம் இவ்வளவுதான்: பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் பெட்டிக்கடையிலிருந்து பஸ் படிக்கட்டு வரைக்கும் நடக்கிறாள். அதற்குள் யார் யார் என்னென்ன சொல்கிறார்கள், அதுதான் பாட்டு. நானும் அந்த பஸ் ஸ்டாண்டில் தினமும் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன். எனக்கு ஒன்றும் கேட்டதில்லை. அவ்வளவு அமைதியான இடம். 

புளியங்குடி வந்துவிட்டதா? எலுமிச்சம்பழ மூட்டை ஏறுகிறது. காலைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

‘ஏற்றது’ என்கிற பக்கத்துக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஜெபமணி சாரைப் பிடித்தோம். அவர் வாழ்க்கையில் ராப் கேட்டதில்லை. அது ஒரு தகுதிக்குறைவாக எங்களுக்குத் தோன்றவில்லை. 

விழா நாள் வந்தது. மைதானம் கொள்ளாத கூட்டம். விளக்குக் கம்பத்தில்கூட ஆள். ஜெபமணி சார் முதலில் பேசினார். ராப் பாட்டில் லெப்ட் ரைட் இருக்கிறது, லெப்ட் ரைட் இருக்கிற இடத்தில் ஒழுக்கம் இருக்கும் என்று ஆரம்பித்து, மாணவர்கள் ராப் பாடிக்கொண்டே மைதானத்தைச் சுற்றினால் நாட்டுக்கு ராணுவச் செலவு குறையும் என்று முடித்தார். நடுவில் இரண்டு தடவை தாமே சல்யூட் வைத்துக்கொண்டார். நல்ல கைதட்டல். 

அப்புறம் வடிவு எழுந்தது. இரட்டைச் சடை, யூனிபார்ம், கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இசக்கியம்மாள் பந்தல் கால் பக்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வடிவு எனக்கு வணக்கம் சொன்னது, தாளாளருக்கு வணக்கம் சொன்னது, ராப் பாட்டு எங்கள் வயசுக்கு ஏற்றதே இல்லை என்று கணீரென்று சொன்னது. தாளாளர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் மூளையை லேசாகத் தொட்டுக் காட்டினேன்.

அடுத்ததாக, கெட்டது கெட்டது என்று வெறும் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள், கேட்டால்தானே தெரியும், இதோ முதல் சாட்சி என்றது. கீழே முதல் வரிசையில் அந்த இரண்டு தோழிகளும் பெஞ்சோடு உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சை எப்போது கொண்டுவந்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தாளம் விழுந்தது. பிள்ளை பாட ஆரம்பித்தது.

முழுப் பாட்டும் தம்பி. ஒரு எழுத்து விடாமல். வார்த்தை உட்பட.

தாளாளர் என்னைப் பார்த்து மணியை அடி, மணியை அடி என்று கையைக் காட்டுகிறார். நடுவர் மேஜையில் மணி இருக்குமில்லையா, பேச்சு நீண்டால் அடிக்க. நான் மணியை எடுக்கத்தான் செய்தேன். ஆனால் மேற்கோளைப் பாதியில் வெட்டக் கூடாது என்று மரபு சொன்னவன் நானே அல்லவா? மைக் செட்காரருக்குத் தாளாளர் ஜாடை காட்டினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்துக்கொண்டிருந்தார், ஜாடை போய்ச் சேரவில்லை. மணி நடுவில் சில தடவை அடித்தது என்று சொல்கிறார்கள். தாளத்துக்குச் சரியாக அடித்தது என்றும் சொல்கிறார்கள். மேஜை ஒரு கால் குட்டை. ஆடினால் மணி அடிக்கும்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. கண்டித்துக் கைதட்டினார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒண்ணாம் வகுப்பு படிக்கிற பாப்பா ஒன்று தெருவில் குதித்துக் குதித்து இந்தப் பாட்டைப் பாடியதாம், அந்த வார்த்தையோடு. அதைக் கேட்டு வடிவு கூசிப் போய், அன்றைக்கே பாட்டை அழித்துவிடலாம் என்று பார்த்தாளாம்; அதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டதாம். அதனால் அணிக்காகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொல்கிறேன், இந்த வார்த்தைகள் பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்றாள். எனக்கே தொண்டை அடைத்தது. எதிர்க்காற்று.

“ஆனா இதுல ஒரு வார்த்தைகூட நான் உண்டாக்கலய்யா,” என்றாள். “அத்தனையும் கேட்டுப் படிச்சது. எங்க கேட்டேன்னு சொல்லுதேன். அதுதான் ரெண்டாவது சாட்சி.”

முதல் வார்த்தை பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடை வாசலில் என்றாள். ஏழாம் வகுப்பு படிக்கும்போது, அவளைப் பார்த்து, ஒரு ஆள் இல்லை, ஒரு வரிசையே. ஆண்கள் பக்கத்தில் நிறையப் பேருக்குத் திடீரென்று நட்சத்திரம் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டாவது வார்த்தை தெருவில் கேட்டுப் படித்ததாம்; இந்தப் பாட்டு வெளியே வந்த மறுநாள் அதே வார்த்தை அவள் வீட்டு வாசலுக்கே வந்ததாம். பிள்ளையை இப்படியா கெட்ட வார்த்தை பேச வளர்ப்பாய் என்று அவள் அம்மாவை ஏச வந்த ஒரு மாணவனின் அப்பா சொன்னதாம். பேர் சொல்லவில்லை. பேர் சொல்லாமலே ஒருத்தர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். மூன்றாவது வார்த்தை பள்ளிக்கூட வாசலில், காலையில் பிரேயர் மணி அடிக்கிற நேரம், வெள்ளைக் காருக்குக் குறுக்கே பால்காரர் சைக்கிளில் வந்தபோது.

தாளாளர் மடியில் இருந்த பொன்னாடையைப் பிரித்து ஜரிகை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலாவது வார்த்த புதுசு, பாட்டுல இல்ல,” என்றாள். “இன்னைக்குச் சாயந்தரம், இதே மேடையில, நாற்காலி கால்ல ஏறினப்ப நடுவர் ஐயா சொன்னாங்க. மைக்கு ஆன்ல இருந்துச்சு.”

சிரிக்காதீர்கள் தம்பி. இரும்பு நாற்காலி. கட்டைவிரல் நகம் இன்னும் கருப்பாகத்தான் இருக்கிறது, செருப்பைக் கழற்றிக் காட்டட்டுமா? நாற்காலிக்கு நன்றியுரையா சொல்ல முடியும்? நான் சொன்னது ஒரு பழைய சொல். எங்கள் பக்கத்தில் மாட்டை ஓட்டக்கூடச் சொல்வார்கள். அதை அந்த வரிசையில் சேர்த்தது நியாயமே இல்லை. ஆனால் அதை விளக்க வேண்டும் என்றால் மைக்கில் மறுபடியும் சொல்ல வேண்டும். அதனால் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

கடைசியாக அவள் கை கூப்பினாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, அப்போதுதான் முதல் தடவையாக.

“ஏற்றதல்லன்னே தீர்ப்புச் சொல்லுங்கய்யா. டி.சி. குடுக்கணும்னா குடுங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா வரிசைப்படி குடுங்க. சொல்லிக் குடுத்தவங்க எல்லாரும் முன்னால வாங்கட்டும். கத்துக்கிட்டவ நான். நான் கடைசியில நிக்கேன்.”

போய் உட்கார்ந்துவிட்டாள். 

தீர்ப்புச் சொல்ல எழுந்தேன். வழக்கமாக எழுந்ததும் ஒரு நகைச்சுவை சொல்வேன். அன்றைக்கு வாயில் வரவில்லை. தாளாளர் பார்க்கிறார். மாமரத்தடியில் வாக்குக் கொடுத்தவன் நான். பந்தல் கால் பக்கத்தில் அந்தத் தையல்காரி பார்க்கிறாள். என் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லுக்காக அவள் அப்படி நிற்கிறாளே என்று தோன்றியது. எத்தனை மேடையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். மாமியார் ஜெயித்தாலும் மருமகள் ஜெயித்தாலும் வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் ஒரே சட்டியில்தான் சாப்பிடப் போகிறார்கள். என் தீர்ப்பைக் கேட்டு யாரும் அதுவரை எங்கேயும் போனதில்லை.

அடித்தேன் மணியை. ஏற்றதல்ல என்றேன். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

இசக்கியம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் தண்ணீர் குடித்தேன். தீர்ப்பு என்றால் நிறைவேற்றும் முறையும் சொல்ல வேண்டும் இல்லையா? அதையும் சொன்னேன். இந்த அணி காட்டிய சாட்சிகளை எதிரணி மறுக்கவில்லை, கூட்டத்திலும் யாரும் மறுக்கவில்லை, ஆகவே நடுவர் ஏற்றுக்கொள்கிறார், என் சம்பந்தப்பட்டது உட்பட. அணி கேட்டுக்கொண்டபடி டி.சி. வரிசைப்படி வழங்கப்பட வேண்டும், வரிசை முடிகிற வரைக்கும் கடைசியில் நிற்கிறவர் வகுப்பில் உட்கார்ந்து பாடம் படிக்கலாம். இன்னொன்று, இனிமேல் பாடும்போது அந்த வார்த்தைகள் வாயில் வரக் கூடாது. வந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன். அவ்வளவுதான் தம்பி. அந்தப் பிள்ளைக்காக எதையும் வளைத்ததாக நினைக்காதீர்கள். முறை என்றால் முறை. அதன் பிறகு கூட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. யாரோ என்னைத் தூக்கிக்கொண்டார்கள், மேலே இருந்து பார்த்தால் தலைகள்தான் தெரிந்தன. 

தாளாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தவே இல்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது. 

திங்கட்கிழமை காலையில் வடிவு புத்தகப் பையோடு நேராக ஆபீஸுக்குப் போய்த் தாளாளர் அறை வாசலில் நின்றதாம். உள்ளே வா என்றாராம். வரவில்லை. டி.சி. விஷயமாக வந்திருக்கிறேன் என்றதாம். 

“நீங்க முன்னால நில்லுங்க சார். நான் ஒங்களுக்குப் பின்னால.”

பரிகாசமே இல்லையாம் குரலில். உண்மையாகவே கதவோரம் இடம் விட்டு ஒதுங்கி நின்றதாம். கிளார்க் ஓடி ஒளிந்துகொண்டார், அவர்தான் எனக்குச் சொன்னவர். தாளாளர் மேஜைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை எடுத்துத் துடைத்து வைத்தாராம். வெளியே பால்காரர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதாம். அந்த மணிச் சத்தத்தை நம்பலாமா என்று தெரியவில்லை, கிளார்க்கும் என்னைப் போலக் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறவர்.

“கிளாசுக்குப் போம்மா,” என்றாராம் தாளாளர்.

போய்விட்டது. இப்போது பிளஸ் டூ.

பஸ் ஸ்டாண்டா? பெட்டிக்கடை வாசலில் இப்போது கொஞ்சம் அடக்கமாகத்தான் இருக்கிறார்கள். எந்தப் பிள்ளை எதைப் பாட்டாக்கும் என்று தெரியவில்லையே. எனக்குத்தான் கஷ்டம். எந்த நாற்காலியில் உட்காரப் போனாலும் சுற்றி நிற்கிற பிள்ளைகள் என் வாயைப் பார்க்கிறார்கள்.

என் தீர்ப்பையும் அந்தப் பிள்ளை ஒரு எழுத்து மீறவில்லை, அதைச் சொல்ல வேண்டும். பாடும்போது அந்த வார்த்தைகளைச் சொல்வதே இல்லை. அந்த இடம் வந்ததும் தாளத்தை நிறுத்தி, வாயை மூடிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சும்மா நிற்கிறது. கூட்டம் சொல்கிறது. அப்பாமார், அம்மாமார், ஜெபமணி சார் எல்லாரும் ஒரே குரலில். சொல்லிவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளை வாயில் வராதவரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்றைக்கு மதுரையில் கல்லூரி ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி. வடிவு பாடுகிறது. தாளாளர் தம்முடைய காரிலேயே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், முன் சீட்டில் இசக்கியம்மாளை உட்கார வைத்து. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார், பாவம். நான் போவது தீர்ப்பு அமலாகிறதா என்று கண்காணிக்க. வேறொன்றுமில்லை.

ஒரே ஒரு சின்ன வருத்தம் இருக்கிறது தம்பி, உங்களிடம் சொல்வதற்கென்ன. போட்டிக்காகப் பட்டிமன்றத்தைப் பற்றிப் புதுசாக ஒரு பாட்டு எழுதியிருக்கிறாளாம். தாளாளருக்கு நாலு வரி. அதில் இரண்டு இடத்தில் தாளம் நிற்குமாம், கூட்டம் சொல்ல வேண்டுமாம். பெட்டிக்கடைக்கு ஆறு வரி, அதில் பாதி இடம் வெறும் இடைவெளிதானாம். எனக்குப் பத்து வரியாம். நியாயவான், வாக்குத் தவறாதவர், அது இது என்று தடதடவென்று போகிறதாம். நடுவில் தாளம் எங்கேயும் நிற்கவில்லை. ஒரு இடைவெளி கிடையாது.

தாளாளருக்கு இரண்டு, எனக்கு ஒன்றுகூடவா இல்லை? கால் நகம் கருத்தது யாருக்கு? இறங்கினதும் நேராக மேடைக்குப் பின்னால் போய் அவளைத்தான் பார்க்கப் போகிறேன். முழுதாக வேண்டாம்மா, கடைசி வரியில் மட்டும் ஒரு இடத்தில் கொஞ்சம் நிறுத்து என்று கேட்டுப் பார்க்கிறேன். கூட்டம் என்ன சொல்கிறது என்று நானும் கேட்க வேண்டாமா?